லீவில் ஊருக்கு வரும்போது குழந்தைகள் இல்லத்துக்குப் போக நினைக்கிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூர், துபாய், நியூஜெர்சி என்று எங்கே இருந்தாலும் லீவுக்குத் தமிழ்நாடு வரும் குடும்பங்கள் பல, ஒரு நாளையாவது குழந்தைகள் இல்லத்தில் கழிக்க ஆசைப்படுகின்றன. மகளின் பிறந்தநாள், அப்பாவின் நினைவுநாள், கல்யாண நாள் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். மனது நல்ல மனதுதான். ஆனால் டிசம்பர் கடைசி ஞாயிறு ஒரே இல்லத்தில் மூன்று குடும்பங்கள் மூன்று கேக் வெட்டிவிட்டுப் போகும். பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டைத் தொடமாட்டார்கள், திங்கள் காலை நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு. பிப்ரவரியில் யாருமே வரமாட்டார்கள். உங்கள் வருகை பிள்ளைகளுக்கு உதவ வேண்டுமானால் அவர்களுடைய நாளுக்குள் நீங்கள் பொருந்த வேண்டும். அதற்கு என்ன செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் ஒரு சொல். "அனாதை இல்லம்" என்பதை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். பிள்ளைகள் தாங்கள் இருக்கும் இடத்தை "ஹோம்" என்றுதான் சொல்வார்கள். அங்கே இருப்பவர்களில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருப்பார்கள். அப்பா இறந்து, அம்மா செங்கல் சூளையில் வேலைக்குப் போயிருப்பார். இல்லை, பாட்டிக்கு வயதாகிப் பார்த்துக்கொள்ள முடியாமல் போயிருக்கும். அதனால் "உனக்கு யாருமே இல்லையாப்பா?" என்று கேட்பது குழந்தையைக் காயப்படுத்தும் என்பதோடு, பெரும்பாலும் தப்பான கேள்வியும்கூட.

இல்லத்தைத் தேர்ந்தெடுப்பது

ஊருக்குக் கிளம்ப நான்கு வாரம் இருக்கும்போதே இதைத் தொடங்குங்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 41வது பிரிவுப்படி, பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளை வைத்திருக்கும் ஒவ்வோர் இல்லமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். பதிவில்லாமல் நடத்துவது தண்டனைக்குரிய குற்றம். அறக்கட்டளையாகப் பதிவு செய்திருப்பது வேறு, குழந்தைகள் இல்லமாகப் பதிவு செய்திருப்பது வேறு. பலர் முதல் சான்றிதழைக் காட்டிவிட்டு இரண்டாவதைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார்கள். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டாவதை.

சரிபார்க்கும் இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகம். அங்கே போன் செய்து, "இந்தப் பெயரில் உள்ள இல்லம் பதிவில் இருக்கிறதா, பார்வையாளர் போகலாமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். அரசு இல்லங்களுக்குள் முன் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. அதற்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பத்து நாளாவது ஒதுக்குங்கள். தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பதிவு பெற்ற இல்லங்களில் நிர்வாகியின் அனுமதி வாங்க வேண்டும்.

ஒரு பிள்ளை இல்லத்தில் சேர்வதும் வெளியே போவதும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவுப்படி நடக்க வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு அது. "எல்லாப் பிள்ளைகளுக்கும் குழுவின் உத்தரவு இருக்கிறதா?" என்று போனிலேயே கேட்கலாம். ஒழுங்காக நடக்கும் இல்லத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். போன் செய்த உடனே "எப்போ வேணும்னாலும் வாங்க சார், பிள்ளைங்க டான்ஸ் ஆடுவாங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருக்கலாம்" என்கிற இடம் நல்ல அறிகுறி அல்ல. அடையாள அட்டை கேட்டு, எத்தனை பேர் என்று கேட்டு, நேரம் குறித்துத் தரும் இடமே நல்ல இடம். கம்போடியாவிலும் நேபாளத்திலும், வெளிநாட்டுப் பயணிகளின் பணத்தை நம்பி நடந்த சில இல்லங்கள், பெற்றோர் உள்ள பிள்ளைகளைக் கிராமங்களிலிருந்து கூட்டிவந்து வைத்திருந்தது வெளியே வந்தது. ஆஸ்திரேலியா 2018ல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது, இப்படி இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் அடிமைமுறையின் ஒரு வகையாகக் கணக்கில் எடுத்தது. பார்வையாளர் பணத்தால் ஓடும் இல்லத்துக்குப் பிள்ளைகள் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. அதனால்தான் இந்த எச்சரிக்கை.

நாளும் நேரமும்

பள்ளி ஜூனில் திறக்கிறது. வார நாட்களில் பிள்ளைகள் நாலரை மணிவாக்கில் வந்து, டிபன் சாப்பிட்டு, துணி துவைத்து, ஆறு மணிக்குப் படிக்க உட்காருவார்கள். அந்த ஆறு மணியைத் தாண்டாதீர்கள். சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை மிக நல்ல நேரம். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் இருப்பார்கள், தவிர்த்துவிடுங்கள். மே மாதம் பல இல்லங்கள் பாதி காலியாக இருக்கும், சொந்தம் உள்ளவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆனால் போக இடமில்லாத பத்துப் பன்னிரண்டு பேர் அந்த மாதம் முழுக்க அங்கேயே இருப்பார்கள். யாரும் வராத அந்த மே மாதத்தில் வந்து அவர்களோடு கேரம் ஆடும் ஒருவர், தீபாவளிக்கு வரும் பத்துப் பேருக்குச் சமம்.

ஒரு முறைக்கு நான்கு பேருக்கு மேல் போக வேண்டாம். இரண்டு மணி நேரம் போதும். மாமா, சித்தி, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று இரண்டு வேனில் போய் இறங்கினால் அது கல்யாண வீட்டுக்குப் போன மாதிரி ஆகிவிடும்.

என்ன எடுத்துப் போவது

வாங்கிவிட்டுப் போனில் சொல்லாதீர்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். வார்டனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இந்த மாசம் எது தீர்ந்துபோச்சு?" பதில் பெரும்பாலும் பொம்மையாக இருக்காது. துணி சோப்பு, தலைக்கு எண்ணெய், நாப்கின், உள்ளாடை, பேன் மருந்து, டியூப்லைட், மிக்ஸி ஜார் என்று வரும். உள்ளாடையும் நாப்கினும் யாருமே கொடுக்காதவை. இருபது பெரிய பெண் பிள்ளைகள் இருந்தால் மாதம் நாற்பது பாக்கெட் நாப்கின் வேண்டும். உள்ளாடைக்கு வயதைச் சொல்லி வாங்கினால் பாதி சேராது. வார்டனிடம் சென்டிமீட்டர் அளவில் பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி ஷூ வாங்குவதானால், பழைய செய்தித்தாளில் ஒவ்வொரு பிள்ளையின் பாதத்தையும் பென்சிலால் வரைந்து பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள். அதைக் கடைக்கு எடுத்துப்போய், வரைந்த கோட்டைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக வாங்குங்கள். ஆறு மாதத்தில் பாதம் வளர்ந்துவிடும்.

சாப்பாடு போடுவதானால் 40 பிள்ளைகளும் ஆறு ஊழியர்களும் உள்ள இல்லத்துக்கான கணக்கு இது. ஒரு வேளைக்குத் தலைக்குச் சராசரி 125 கிராம் அரிசி, மொத்தம் ஆறு கிலோ. சாம்பாருக்குப் பருப்பு ஒன்றரைக் கிலோ. கோழி என்றால் ஆறு கிலோ. முட்டை ஐம்பது. ஆயாவையும் வாட்ச்மேனையும் கணக்கில் விட்டுவிடாதீர்கள், வருஷம் முழுக்க அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவர்கள் அவர்கள்தான். ஹோட்டலில் பிரியாணி சொன்னால், காலை பத்து மணிக்குத் தம் போட்ட அண்டா பிற்பகல் இரண்டு மணிக்கு வந்து சேரும். மூடி வைத்த பாத்திரத்தில், வெயிலில், நாலு மணி நேரம். வயிற்றுக் கோளாறு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. பொருளை வாங்கிக் கொடுத்து இல்லத்துச் சமையலறையிலேயே சமைக்கச் சொல்லுங்கள். பெரிய பிள்ளைகளோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தால் அந்த ஒரு மணி நேரத்தில் நடக்கும் பேச்சு வேறு எதிலும் நடக்காது.

ஒருவேளை விருந்தைவிட ஒரு மாத மளிகை பெரிய உதவி. அதே 40 பிள்ளைகளுக்கு மாதம் 25 கிலோ அரிசி மூட்டை பதினான்கு, பதினைந்து ஆகும். எண்ணெய் 15 லிட்டர் டின் இரண்டுக்குக் கொஞ்சம் குறைய. முழுவதும் முடியாவிட்டால் எண்ணெயை மட்டுமாவது ஏற்றுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுச் சாக்லேட் கொண்டுவராத குடும்பம் இல்லை. விமான நிலையக் கடையில் வாங்கும் பெட்டிகளில் மது நிரப்பிய சாக்லேட் கலந்திருக்கலாம், அட்டையைப் படித்துப் பாருங்கள். தலைக்கு இரண்டு போதும். அதை நீங்களே வரிசையில் நிறுத்திக் கொடுக்காமல் வார்டனிடம் ஒப்படைத்துவிடுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கொடுப்பார். எந்தப் பொருளானாலும் எல்லாருக்கும் ஒரே நிறம், ஒரே அளவு. எண்ணிக்கைக்கு மேல் மூன்று சேர்த்து வாங்குங்கள். நீங்கள் கேட்ட நாளுக்கும் வரும் நாளுக்கும் இடையில் புதுப்பிள்ளை வந்து சேர்ந்திருக்கும், ஒன்று குறைந்தால் குறைவது அந்தப் பிள்ளைக்குத்தான்.

பழைய துணி வேண்டாம். கொடுத்தே ஆகவேண்டும் என்றால், உங்கள் பிள்ளைக்கு நாளைக்குப் போட்டுவிடுவீர்கள் என்று தோன்றுவதை மட்டும் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். மாத்திரை, டானிக், வைட்டமின் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

அன்றைக்கு

பாஸ்போர்ட் அல்லது ஆதார் நகலோடு போய், பார்வையாளர் பதிவேட்டில் எழுதுங்கள். எழுதச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். உட்காரும் இடத்திலிருந்து சுவரைப் பாருங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண், வாரச் சாப்பாட்டுப் பட்டியல், பிள்ளைகள் குறை எழுதிப் போடும் பெட்டி இவை பிள்ளைகளின் கைக்கும் கண்ணுக்கும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். படுக்கும் அறையை எட்டிப் பார்க்கக் கூடாது, அது அவர்களுடைய வீடு. யாராவது கூட்டிப்போய்க் காட்டினால் மட்டும், ஓரமாக அடுக்கியிருக்கும் தகரப் பெட்டிகளைக் கவனியுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் பெயின்டில் எழுதி, சின்னப் பூட்டுத் தொங்கி, சாவி அந்தப் பிள்ளையின் கழுத்துக் கயிற்றில் இருந்தால், தனக்கென்று ஒரு பொருள் வைத்துக்கொள்ளும் உரிமை அங்கே மதிக்கப்படுகிறது என்று அர்த்தம்.

சில இடங்களில் நீங்கள் நுழைந்ததும் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துக் கைகூப்பிப் பாடச் சொல்வார்கள். "வேண்டாங்க, அவங்க விளையாடட்டும், நாங்க போய்ச் சேர்ந்துக்கறோம்" என்று மென்மையாகச் சொல்லிவிடலாம். நிர்வாகிகள் பலர், வருகிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்றுதான் செய்கிறார்கள்.

பேச்சுக்குப் பெயர், வகுப்பு, பிடித்த பாடம், பிடித்த கிரிக்கெட் வீரர் போதும். அம்மா அப்பாவைப் பற்றிப் பிள்ளையே சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள், அழாதீர்கள். உங்கள் கண்ணீரைத் துடைக்கும் பொறுப்பு எட்டு வயதுப் பிள்ளைக்கு வரக் கூடாது. மூன்று வயதுக் குழந்தை ஓடிவந்து முன்பின் தெரியாத உங்கள் காலைக் கட்டிக்கொண்டால், பாசம் என்று நெகிழ்வதற்கு முன் ஒன்றை நினையுங்கள். யார் நிலையாக இருப்பார்கள் என்று தெரியாத குழந்தைதான் வருகிறவர் எல்லாரையும் அப்படிக் கட்டிக்கொள்ளும். தூக்கி இரண்டு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு, பிறகு இறக்கிவிட்டுக் காரில் ஏறுவது அதற்கு இன்னொரு பிரிவு. கீழே உட்கார்ந்து பந்து உருட்டி விளையாடுங்கள், குழந்தையின் ஆயாவும் கூட இருக்கட்டும்.

உங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முந்தின நாளே பேசி வையுங்கள். "நம்மிடம் இருப்பதை நினைத்துச் சந்தோஷப்படு" என்று பாடம் நடத்தும் இடமாக அதை ஆக்காதீர்கள். விளையாடப் போகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள். கேரம் போர்டு ஒன்று, கேரம் பவுடர், ரப்பர் பந்து ஆறு, ஸ்கிப்பிங் கயிறு நான்கு எடுத்துப்போய் அங்கேயே விட்டுவிட்டு வரலாம். உங்கள் மகனின் தமிழைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பத்து நிமிஷத்தில் அவனுக்கு நொண்டியும் தமிழும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

செய்யவே கூடாதவை சில உண்டு: ஒரு பிள்ளையை மட்டும் தனியாகக் கடைக்குக் கூட்டிப்போவது, கையில் பணம் கொடுப்பது, போன் நம்பர் கொடுப்பது, "அடுத்த வருஷம் கண்டிப்பா வருவேன்" என்று சொல்வது. கடைசியில் சொன்னதை நீங்கள் மறந்துவிடுவீர்கள், அந்தப் பிள்ளை தேதி வைத்துக்கொண்டிருக்கும்.

படம்

போனைப் பையில் வையுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74வது பிரிவு, இல்லத்துப் பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் தெரியக்கூடிய எதையும் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நிர்வாகி சரி என்று சொன்னாலும் முகநூலிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட அது அனுமதி ஆகாது. சட்டத்தை விடுங்கள். அந்தப் பையன் படிக்கும் பள்ளியில் அவன் ஹோமில் இருப்பது பலருக்குத் தெரியாது. நீங்கள் போட்ட கேக் படம் அவன் வகுப்புத் தோழனின் அம்மா போனுக்கு வர ஒரு வாரம் போதும். நினைவுக்குப் படம் வேண்டுமென்றால் மரத்தையும், விளையாடிய கேரம் போர்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம்

வெளிநாட்டில் இருப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. உங்களிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது, எங்கே குடியிருந்தாலும் சரி. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டீர்கள், கையில் ஓசிஐ அட்டைதான் இருக்கிறது என்றால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் வெளிநாட்டு நன்கொடையாளர். அப்போது நீங்கள் ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனம் மட்டுமே அதை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அது முதலில் வந்து சேர வேண்டிய கணக்கு, பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள எஃப்சிஆர்ஏ கணக்கு. இதை அறியாமல் ஓசிஐ அட்டைக்காரர் உள்ளூர்க் கணக்கில் பணம் போட்டுவிட்டுப் போனால், சிக்கல் இல்லத்துக்கு வரும். அதனால் முதல் போனிலேயே உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று சொல்லிவிடுங்கள்.

ரொக்கம் வேண்டாம். ரசீது வாங்குங்கள். வருமான வரி விலக்குக்கு 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடை செல்லாது. பொருளாகக் கொடுப்பதற்கும் விலக்குக் கிடையாது.

தத்து எடுக்கும் எண்ணம் வந்தால்

ஒரு குழந்தையைப் பார்த்து மனது இளகி, "இவளை எங்களுக்குக் கொடுத்துடுங்களேன்" என்று அலுவலக அறையில் கேட்கிறவர்கள் உண்டு. இல்லம் கொடுக்க முடியாது. கொடுக்கிறேன் என்று சொன்னால் உடனே வெளியே வந்து 1098க்குச் சொல்லுங்கள். இல்லத்துக் குழந்தையைத் தத்து எடுப்பது, காரா என்ற மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து மட்டும் நடக்கும். வெளிநாட்டில் வாழ்பவர்கள் அங்குள்ள அங்கீகாரம் பெற்ற முகமை வழியாகவோ, அது இல்லாத நாடுகளில் அரசு அமைப்பு அல்லது இந்தியத் தூதரகம் வழியாகவோ விண்ணப்பிக்க வேண்டும். பார்த்த குழந்தையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இலங்கைக்குப் போகிறவர்கள்

யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்புப் பக்கம் சிறுவர் இல்லங்களுக்குப் போகும் புலம்பெயர் குடும்பங்களுக்கும் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை பொருந்தும், சட்டப் பிரிவுகளும் பணவிதிகளும் மட்டும் வேறு. அங்கே இல்லங்களைக் கண்காணிப்பது மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களம், அங்கேயே விசாரியுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் உதவி எண் 1929.

திரும்பிப் போன பிறகு

வெளிநாட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியதிலேயே பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது. பதினெட்டு வயது முடிந்த பிள்ளை இல்லத்தை விட்டு வெளியே வர வேண்டும். பின்தொடர் பராமரிப்பு என்று சட்டம் 21 வயது வரை ஆதரவு சொன்னாலும், கையில் கிடைப்பது குறைவு. அந்த மாதம் அந்தப் பிள்ளைக்கு வேண்டியவை: வாடகை அட்வான்ஸ், கல்லூரி விடுதிக் கட்டணம், ஓட்டுநர் உரிமம் எடுக்கும் செலவு, ஒரு நல்ல செருப்பு, சிபாரிசு செய்ய ஓர் ஆள். இருபது பிள்ளைகளுக்குக் கேக் வாங்கும் பணத்தை மூன்று ஆண்டு சேர்த்தால் ஒரு பெண்ணின் நர்சிங் படிப்பில் ஒரு பருவக் கட்டணத்துக்குக் கை கொடுக்கலாம். இல்லத்தின் வழியாக, நேராகக் கல்லூரிக்கே கட்டுங்கள்.

வாரம் ஒருமுறை வீடியோவில் ஆங்கிலமோ கணக்கோ சொல்லிக்கொடுக்கலாம். வார்டனோ ஆசிரியரோ அறையில் இருக்க, நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து, இல்லத்தின் போனிலோ கணினியிலோ மட்டும். தனிப் பிள்ளையோடு தனி அழைப்பு கூடாது. இந்திய நேரம் சனி மாலை ஐந்து மணி வைத்தால் சிங்கப்பூரில் இரவு ஏழரை, துபாயில் பிற்பகல் மூன்றரை. லண்டனில் கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. அமெரிக்க மேற்குக் கரைக்கு இது ஆகாது, அவர்கள் இந்திய நேரம் ஞாயிறு காலை ஒன்பது வைத்துக்கொள்ளலாம். அங்கே சனி இரவு ஏழரையோ எட்டரையோ ஆகும். கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், பிள்ளைகளின் நேரத்தை மாற்றாதீர்கள்.

வாரம் அரை மணி நேரம், ஆறு மாதத்துக்கு என்று ஒப்புக்கொள்ளுங்கள், அதற்கு மேல் சொல்லாதீர்கள். நிறுத்த வேண்டி வந்தால் மூன்று வாரம் முன்பே வார்டனிடம் சொல்லி, பிறகு பிள்ளைகளிடம் நீங்களே சொல்லுங்கள்: "இன்னும் ரெண்டு கிளாஸ்தான், அதுக்கப்புறம் எனக்கு வேலை மாறுது." கடைசி வகுப்புக்குத் தேதி சொல்லி, அன்றைக்கு வந்து, பெயர் சொல்லி ஒவ்வொருவரிடமும் விடைபெறுங்கள்.